மீன் கடும் நஞ்சுத்தன்மைச் சோதனை தவறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தொழிற்சாலை வேதிப்பொருள் ஒன்றை ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வெளியிட்ட 203-ஆம் வழிகாட்டி நெறியின்படி ஜீப்ரா மீன்களில் 96 மணி நேரம் சோதிக்கும் ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்த காரணம் கடைசியிலும் வரும். அதே வரிசையில் சோதித்துக்கொண்டு போங்கள்.

பொருளின் ஐந்து செறிவுகளும் பொருள் சேர்க்காத ஒரு கட்டுப்பாட்டுத் தொட்டியும், தொட்டிக்கு 7 மீன் என்று வைத்தால் ஒரு சோதனைக்கு 42 மீன்கள் வேண்டும்; கரைப்பானை மட்டும் சேர்த்த கரைப்பான் கட்டுப்பாடும் சேர்ந்தால் 49. காரணம் தெரியாமல் சோதனையை மறுபடி தொடங்கினால் இன்னொரு 42 உயிர்கள் பயனின்றிப் போகும். அதனால் இதில் உள்ள பெரும்பாலான சரிபார்ப்புகளை மீன் இல்லாமலே செய்யும்படி அமைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு தொட்டியிலும் வெப்பநிலை, பிஎச், கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் அளந்து நேரத்துடன் எழுதிக்கொண்டு, அரை லிட்டர் நீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். பதற்றத்தில் தொட்டியைக் கழுவிவிட்டுப் பிறகு காரணம் தேடுவதில்தான் பாதிப் புலனாய்வுகள் முடிவின்றி நின்றுபோகின்றன.

அறிகுறி 1: கட்டுப்பாட்டுத் தொட்டியில் மீன் சாகிறது

கட்டுப்பாட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் மீன் இறந்தால் சோதனை செல்லாது. பத்துக்கும் குறைவான மீன்களே இருந்தால் ஒன்று இறக்கலாம், இரண்டு இறக்கக்கூடாது. எப்போது இறந்தன என்பதைப் பார்த்தால் காரணத்தைப் பெருமளவு குறுக்கிவிடலாம்.

*முதல் 24 மணி நேரத்துக்குள் இறந்தால்* நீரைச் சந்தேகியுங்கள். குழாய் நீரைப் பயன்படுத்தும் ஆய்வகங்களில் குளோரின்தான் முதல் காரணம். மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. மீனுக்கு அந்த அளவே பெரும் தீங்கு. மொத்த எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பதால், நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல், அந்த அளவைக் காட்டக்கூடிய கருவியில் டிபிடி முறையில் (குளோரின் பட்டால் நிறம் மாறும் வேதிப்பொருளைச் சேர்த்து) அளந்து பாருங்கள். ஒரு நாள் காற்றேற்றினால் தனிக் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமின் அப்படி எளிதில் போகாது. சோடியம் தயோசல்பேட் சேர்த்தால் குளோரமின் உடையும். அப்போது அம்மோனியா வெளிப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். செயலூட்டிய கரி நிரப்பிய தூண் வழியே நீரை விட்டு, பிறகு காற்றேற்றுவதே நிலையான தீர்வு.

குளோரின் இல்லையென்றால் அடுத்ததாக உலோகங்களைப் பாருங்கள். நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் மூன்று சோதனைகள் தொடர்ந்து கட்டுப்பாட்டிலேயே தவறின. குளோரின் இல்லை, அம்மோனியா இல்லை, மீன்களும் நலமாக இருந்தவைதான். கடைசியில், நீர்க்குழாயில் புதிதாக மாட்டிய பித்தளை வால்விலிருந்து செம்பு இறங்குவதைக் கண்டுபிடித்தோம். கடினத்தன்மை குறைந்த நீரில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே சிறு மீன்களைக் கொல்லப் போதும். காலையில் குழாயைத் திறந்ததும் வரும் நீரையும் பத்து நிமிடம் ஓடவிட்டபின் வரும் நீரையும் தனித்தனியே அளந்தால் இது பிடிபட்டுவிடும். நாகம் பூசிய குழாய், புதிதாக ஒட்டிய சிலிகான் பசை, சோப்புத் தூள் போட்டுக் கழுவிச் சரியாக அலசாத தொட்டி ஆகியவையும் இதே வரிசையில் வரும்.

ஆழ்துளைக் கிணற்று நீரானால், கடினத்தன்மை லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று ஈடிடிஏ தரம்பார்த்தலில் பாருங்கள். அந்த நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு காற்றேற்றும்போது வெளியேறுவதால் பிஎச் ஒரே இரவில் ஏறிவிடும் என்பதால், முந்தைய நாள் எடுத்த அளவு மறுநாளுக்குப் பொருந்தாது. நீரைத் திருத்திக்கொண்டே போவதைவிடச் செய்நீருக்கு மாறிவிடுவது எளிது என்பது என் கருத்து. கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 11.76 கிராம், மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 4.93 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.59 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.23 கிராம் என நான்கையும் தனித்தனியே ஒவ்வொரு லிட்டர் தூய நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 25 மில்லிலிட்டர் எடுத்துச் சேர்த்து மொத்தம் 1 லிட்டராக்கி, ஆக்சிஜன் நிறையும்வரை காற்றேற்றினால் நீர் தயார்.

*48 மணி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறந்தால்* மீனைச் சந்தேகியுங்கள். பழக்கப்படுத்தும் காலத்துப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஏழு நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் இறந்த தொகுதியை முழுவதுமாக ஒதுக்கவேண்டும். 5 முதல் 10 விழுக்காடு வரை இறந்திருந்தால் இன்னும் ஏழு நாள் பழக்கவேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் சோதனைக்கு எடுக்கலாம். சென்னைக் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் வாங்கும் மீன்கள் பல பண்ணைகளிலிருந்து வந்து ஒரே தொட்டியில் கலந்தவையாக இருக்கக்கூடும்; பையைப் பிரித்த மறுநாளே சோதனைக்கு எடுத்தால் பயணக் களைப்பையும் நோயையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். துடுப்பு ஒட்டிக்கிடப்பது, உடலில் வெண்புள்ளி, சுவரில் உரசிக்கொள்வது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தொகுதி வேண்டாம். மருந்து கொடுத்துத் தேற்றிய மீன்களை உடனே சோதனைக்கு எடுப்பதும் தவறு.

*எல்லாத் தொட்டிகளிலும் ஒரே இரவில் இறந்தால்* அறைக்குள் வந்த காற்றைச் சந்தேகியுங்கள். காற்றேற்றி அறைக் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் தள்ளுகிறது. கரப்பான் மருந்து, கொசு விரட்டி, மழைக்காலத்தில் தெருவில் அடிக்கும் கொசுப் புகை, பக்கத்து அறையில் அடித்த வண்ணம் எல்லாம் அந்த வழியாக உள்ளே வரும். பூச்சிக்கொல்லிகளில் பைரித்ராய்டு வகை, லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவிலேயே மீனைக் கொல்லும். வளாகத்தில் மருந்தடிக்கும் நாட்களை முன்னதாகக் கேட்டு நாட்காட்டியில் குறித்துவைப்பதற்கு ஒரு காசும் ஆகாது.

*கரைப்பான் கட்டுப்பாட்டில் மட்டும் இறந்தால்* கரைப்பானின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டருக்கு மேல் போகக்கூடாது. எல்லாத் தொட்டிகளிலும் ஒரே அளவே இருக்கவேண்டும்.

இவை அனைத்தையும் பார்த்தபின்னும் சாவு தொடர்ந்தால், இறந்து ஒரு மணி நேரத்துக்குள்ளான மீன்களையும் உயிருள்ள சில மீன்களையும் எடுத்துக்கொண்டு, மீன் நோயியல் துறை உள்ள மீன்வளக் கல்லூரி ஒன்றை அணுகவேண்டும். உறையவைத்த மீனில் செவுள் திசுவைப் படிக்க முடியாது. பனிக்கட்டியின் மேல் குளிர வைத்துக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 2: மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்குகின்றன

*ஆக்சிஜன் அளவு குறைந்திருந்தால்:* சோதனை முழுவதும் காற்று நிறைவுநிலையின் 60 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. 23 பாகை செல்சியசில் நிறைவுநிலை லிட்டருக்கு ஏறத்தாழ 8.6 மில்லிகிராம், எனவே 5.2 உங்கள் கடைசி எல்லை. முதலில் கருவியை நீராவி நிறைந்த காற்றில் மறுபடி அளவுதிருத்துங்கள். அடுத்து மீன் எடையைக் கணக்கிடுங்கள். தலா 0.3 கிராம் எடையுள்ள ஏழு மீன்கள் 2.1 கிராம்; லிட்டருக்கு 0.8 கிராமைத் தாண்டாமல் வைத்தால் குறைந்தது 2.63 லிட்டர் நீர் தேவை. பிறகு, கடைசியாக எப்போது தீனி போட்டீர்கள் என்று பாருங்கள். சோதனைக்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்தியிருக்கவேண்டும். இரவில் குளிர்சாதனம் நின்று நீர் 21 முதல் 25 பாகை எல்லையைத் தாண்டியிருந்தால், நீர் தாங்கும் ஆக்சிஜன் குறையும் அதே வேளையில் மீனின் தேவை கூடும். மின்வெட்டு நேரத்துக்குக் காற்றேற்றியைத் தனி மின்கலத் தாங்கியில் இணைத்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், கரைப்பான் சேர்த்த தொட்டிகளில் மட்டும் இரண்டாம் நாளிலிருந்து ஆக்சிஜன் இறங்கினால் அது பாக்டீரியாவின் வேலை. அசிட்டோன் அவற்றுக்கு நல்ல உணவு. நீரை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் அரைநிலை முறைக்குப் போங்கள். முடிந்தால் கரைப்பானையே விட்டுவிடுங்கள்.

*ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும் மூச்சு வாங்கினால்:* கட்டுப்பாட்டு மீன்கள் அமைதியாக இருக்க, செறிவு கூடக் கூட மூச்சிரைப்பும் கூடினால் அது கோளாறு அன்று. வேதிப்பொருள் செவுளைத் தாக்குவதன் அடையாளம், அதையே பதிவு செய்யவேண்டும். கட்டுப்பாட்டிலும் இருந்தால் அம்மோனியாவை அளவிடுங்கள். மொத்த அம்மோனியா ஒரே அளவாக இருந்தாலும், 25 பாகையில் பிஎச் 7-இல் அதில் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் நஞ்சான அயனியாகாத (மின்னேற்றமில்லாத) வடிவில் இருக்கும், பிஎச் 8-இல் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நேற்றுவரை தீங்கில்லாமல் இருந்த நீர், பிஎச் ஏறியதால் மட்டுமே இன்று நஞ்சாவது இப்படித்தான்.

அறிகுறி 3: அளந்த செறிவு, போட்ட செறிவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகிறது

மிகுதியான சோதனைகளைக் கெடுப்பது இதுதான். தொழிற்சாலைக் கழிவுநீரின் மீன் உயிர்ச்சோதனையிலிருந்து வருபவர்களுக்கு இதில் தடுமாற்றம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டுப் பொதுக் கழிவுநீர்த் தரநிலை, முழுச் செறிவுக் கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 விழுக்காடு மீன் பிழைக்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறது. அங்கே எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவேண்டியதில்லை. தனி வேதிப்பொருளின் சோதனையிலோ, அளவு தெரியாவிட்டால் முடிவுக்குப் பொருளே இல்லை. ஓஇசிடி 203-இன் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் செறிவை அளப்பதைக் கட்டாயமாக்கியது.

*தொடக்க நேரத்திலேயே குறைவாக இருந்தால்* தாய்க்கரைசலை (தொட்டிகளில் நீர்க்கச் செய்து சேர்க்கும் செறிவான மூலக்கரைசலை) பாருங்கள். தராசு, பொருளின் தூய்மை விழுக்காடு, நீரேற்ற வடிவின் எடை ஆகிய மூன்றையும் மறுபடி கணக்கிட்டால் பாதிக் கோளாறுகள் தீர்ந்துவிடும். கரையாமல் அடியில் நின்ற துகள்களை அடுத்துப் பாருங்கள். மாதிரியை வடிகட்டிவிட்டு அளந்திருந்தால் வடிதாளே பொருளை உறிஞ்சியிருக்கலாம். வடிகட்டாமல் மையவிலக்கியில் சுழற்றி மேல்நீரை எடுத்து அளவிடுங்கள்.

*தொடக்கத்தில் சரியாக இருந்து 24 மணி நேரத்தில் குறைந்தால்* மீன் இல்லாமல் நான்கு கண்ணாடிக் குடுவைகளில் ஒரே கரைசலை வையுங்கள். முதல் குடுவையை விளிம்புவரை நிரப்பி மூடி இருட்டில் வையுங்கள். இரண்டாவதைத் திறந்து இருட்டில் வையுங்கள். மூன்றாவதை விளிம்புவரை நிரப்பி மூடி, சோதனை அறையின் விளக்கொளியில் வையுங்கள். நான்காவதில் அழுத்தக் கொப்பரையில் கிருமி நீக்கிய நீரைப் பயன்படுத்தி மூடி இருட்டில் வையுங்கள். ஒரு நாள் கழித்து நான்கையும் அளந்து, முதல் குடுவையோடு மற்ற மூன்றையும் ஒப்பிடுங்கள்.

திறந்த குடுவையில் மட்டும் குறைந்தால் பொருள் ஆவியாகிறது. டொலுயீன் போன்றவை இப்படித்தான் போகும். தொட்டியை மூடி, மேலே காற்றிடம் விடாமல் நிரப்பி, மீன் எண்ணிக்கைக்கு ஏற்ப நீரின் அளவைக் கூட்டி, தினமும் நீர் மாற்றுங்கள். காற்றேற்றியை நிறுத்திவிடவேண்டும், ஏனெனில் பொருளை வெளியேற்றுவதே அதுதான். விளக்கொளியில் மட்டும் குறைந்தால் ஒளிச்சிதைவு. கிருமி நீக்கிய குடுவையில் நிலைத்து மற்ற மூன்றிலும் குறைந்தால் பாக்டீரியா தின்கிறது; தொட்டிகளை நன்றாகக் கழுவி, கழிவையும் இறந்த மீனையும் உடனுக்குடன் அகற்றி, நீர் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். நான்கிலும் ஒரே அளவு குறைந்தால் நீராற்பகுப்பாகவோ சுவரில் ஒட்டுதலாகவோ இருக்கும். காலி செய்த குடுவையை மெத்தனாலில் அலசி அந்த அலசலை அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்: காணாமல்போன அளவு அலசலில் கிடைத்தால் ஒட்டியிருக்கிறது, கிடைக்காவிட்டால் சிதைந்திருக்கிறது. நேர்மின்னேற்றம் கொண்ட நீள்சங்கிலிப் பரப்பியங்கிகள் (சோப்பு போல நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள்) கண்ணாடியில் விடாமல் ஒட்டும். கொழுப்பில் கரையும் பொருள்கள் நெகிழிக் குழாய்களுக்குள் போய்விடும். ஒரு நாள் முன்பே அதே செறிவில் கரைசலை ஊற்றி வைத்து, சுவர் உறிஞ்சித் தீர்ந்தபின் கொட்டிவிட்டுப் புதுக்கரைசலில் தொடங்குவது இதற்குப் பெரும்பாலும் போதுமானது.

இத்தனைக்குப் பிறகும் இழப்பைத் தடுக்க முடியாவிட்டால், போட்ட செறிவை விட்டுவிட்டு அளந்த செறிவின் பெருக்குச் சராசரியில் (இரண்டு அளவுகளைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது) எல்சி50-ஐ, அதாவது பாதி மீன்களைக் கொல்லும் செறிவை, கணக்கிடவேண்டும். நீர் மாற்றும் ஒரு இடைவெளியில் 10 மில்லிகிராம் 6 ஆகக் குறைந்தால் பெருக்குச் சராசரி 7.75. கருவி அளக்கக்கூடிய எல்லைக்கும் கீழே போய்விடும் பொருளானால், புதுக்கரைசல் இடைவிடாமல் தொட்டி வழியே ஓடும் தொடர்பாய்வு முறை வேண்டியிருக்கும். அதற்கான அளவீட்டுக் குழாயமைப்பைச் சொந்தமாகக் கட்ட முயலவேண்டாம். அந்த வசதி உள்ள ஆய்வகத்திடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 4: நீர் கலங்குகிறது, மேலே படலம் தெரிகிறது, அடியில் படிகிறது

கரைதிறனைத் தாண்டிவிட்டீர்கள். இன்னும் கரைப்பான் ஊற்றிக் கலக்கத்தை மறைக்காதீர்கள். துகள் செவுளில் அடைத்து மீன் இறந்தால் அது பொருளின் நஞ்சன்று, மூச்சடைப்பு. சோதனை நீரிலேயே கரையும் உச்ச அளவைக் கண்டுபிடித்து, அந்த ஒரே செறிவில் எல்லைச் சோதனை செய்யுங்கள். நன்றாகக் கரையும் பொருளுக்கும் லிட்டருக்கு 100 மில்லிகிராமில் யாதொரு சாவும் இல்லையென்றால் அதற்கு மேல் போகவேண்டியதில்லை. இரண்டாம் நாள் தொடங்கி வரும் பால்போன்ற கலக்கம் மட்டும் வேறு: அது பாக்டீரியா, அறிகுறி 2-ஐப் பாருங்கள்.

அறிகுறி 5: உயர் செறிவுத் தொட்டிகளில் பிஎச் சரிகிறது அல்லது ஏறுகிறது

அமிலம் கொன்றதா, பொருள் கொன்றதா என்பது இப்போது தெரியாது. பிஎச் 6.0 முதல் 8.5 எல்லைக்குள் இல்லாவிட்டால், தாய்க்கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலம் அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு சோதனை நீரின் பிஎச் அளவுக்குக் கொண்டுவந்து, அப்போது பொருள் படிகிறதா, சிதைகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி செய்யுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் நேரே அமிலம் சொட்டக்கூடாது.

அறிகுறி 6: சாவு வரிசை குழம்புகிறது

குறைந்த செறிவில் நான்கு மீன் இறந்து அடுத்த செறிவில் ஒன்றுமே இறக்காவிட்டால், முதலில் தொட்டிகளின் பெயர் ஒட்டுத்தாளைப் பாருங்கள். எடுத்துவைத்த அரை லிட்டர் மாதிரியை அளந்தால் தொட்டி மாறியதா என்பது ஐயமின்றித் தெரியும். பிறகு தொட்டிகளின் இடத்தைப் பாருங்கள். செறிவு வரிசையிலேயே அடுக்கியிருந்தால் சன்னல் வெயிலும் குளிர்சாதனக் காற்றும் செறிவோடு கலந்து ஏமாற்றும்; சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கவேண்டும். மீனைப் பிடிக்கும் வலையையும் நீர் உறிஞ்சும் குழாயையும் எப்போதும் கட்டுப்பாட்டிலிருந்து தொடங்கி உயர் செறிவை நோக்கி மட்டுமே கொண்டுபோங்கள். மூடியில்லாத் தொட்டியிலிருந்து குதித்து இறந்த மீனை நஞ்சுச் சாவாக எழுதியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

சாகும் தறுவாயில் பக்கவாட்டில் கிடந்து, தொட்டாலும் அசையாத மீனை 96 மணி நேரம் முடியட்டும் என்று விட்டுவைக்கக்கூடாது. உங்கள் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறையில் வலியின்றி முடித்துவைத்து, நேரத்துடன் பதிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் இதை ஒவ்வொரு விதமாகத் தீர்மானித்தாலும் சாவு வரிசை குழம்பும் என்பதால், அறிகுறிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது நல்லது.

அறிகுறி 7: ஒரு செறிவில் யாதும் இறக்கவில்லை, அடுத்ததில் எல்லாமே இறந்தன

இது பெரும்பாலும் கோளாறே அன்று. அடுத்தடுத்த செறிவுகளின் விகிதம் 2.2-ஐத் தாண்டாமல் இருந்தால், இரண்டு செறிவுகளின் பெருக்குச் சராசரியை எல்சி50 ஆக எடுத்துக்கொள்ளலாம்: 10-இல் சாவே இல்லை, 20-இல் எல்லாம் இறந்தன என்றால் 14.1. கணிப்பொறி நம்பக எல்லை தரவில்லை என்பதற்காக மட்டும் இன்னொரு 42 மீன்களை எடுப்பதை நான் ஏற்பதில்லை. விகிதம் 2.2-ஐத் தாண்டியிருந்தால் இடைப்பட்ட செறிவுகளில் மறுபடி செய்யவேண்டும். அதற்கு முன் ஓஇசிடி 236 மீன் கருச் சோதனையில் எல்லையைக் குறுக்கிக்கொண்டால் வளர்ந்த மீன்கள் குறைவாகவே போதும். கணக்கில் ஐயம் இருந்தால் சோதனைக்கு முன்பே புள்ளியியல் அறிந்தவரிடம் வடிவமைப்பைக் காட்டுங்கள். முடிந்தபின் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அறிகுறி 8: ஒப்பீட்டுப் பொருளின் முடிவு வழக்கத்திலிருந்து விலகுகிறது

ஒப்பீட்டுப் பொருள் என்பது மீனும் நீரும் சரியாக உள்ளனவா என்று பார்க்கச் சோதிக்கும், நஞ்சுத்தன்மை முன்பே தெரிந்த பொருள். பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 7346 முறையில் பொட்டாசியம் டைகுரோமேட்டின் 24 மணி நேர எல்சி50 ஜீப்ரா மீனுக்கு லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராமுக்குள் வரவேண்டும். இதற்கு வெளியே வந்தால் புதுப் பொருள் எதையும் சோதிக்கத் தொடங்காதீர்கள். டைகுரோமேட் பழைய புட்டியா, ஈரம் ஏறியதா என்று பார்த்து, உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். அடுத்து நீரின் கடினத்தன்மை, பிஎச். அதன்பின் மீனின் நீளம், எடை, வந்த பண்ணை. அதே பண்ணையின் அடுத்த தொகுதியும் விலகினால் பண்ணையை மாற்றவேண்டும். டைகுரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. கையுறை இல்லாமல் தொடவேண்டாம், தொட்டிநீரைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.